சட்டத்தரணியில்லா மன்றும் பிள்ளையின் வழக்கும்: ஒரு விமர்சன நோக்கு

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பற்றி நம்மிடையே எழுந்துள்ள விவாதங்கள் பெரும்பாலும் விவாக வயது, பலதார மணம், பெண் காதி நியமனம் என்பனவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. அவை முக்கியமானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், அச்சட்டத்தின் 74ஆம் பிரிவும் அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது. காதி முன்னிலையில் நடைபெறும் விசாரணையில் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி எவரும் தோன்றலாகாது என்பதே அதன் சாரம்.

இவ்விலக்கிற்கு ஒரு நியாயம் உண்டு. ஏழை மனிதன் கட்டணம் செலுத்தாது, தன் மொழியில், தன் ஊரவர் முன் நேரே முறையிட வேண்டும். பணமுள்ளவன் வாதத்திறமையை விலைக்கு வாங்கி அவனை வெல்லலாகாது. இந்நோக்கம் போற்றத்தக்கதே. ஆனால் நோக்கத்தைக் கொண்டு மட்டும் ஒரு சட்டத்தை மதிப்பிட முடியாது. அது செயற்படும் சமூகத்தின் உறவுமுறைகளுக்குள் வைத்தே அதனை மதிப்பிடல் வேண்டும்.

நிந்தவூரை எடுத்துக்கொள்வோம். வயலும் கடலும் சார்ந்த இவ்வூரிலும் இதனையொத்த கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களிலும் தாய்வழிக் குடிமரபு இன்றும் வேரற்றுப் போகவில்லை. மகளுக்கு வீடு கொடுப்பதும், மருமகன் அவ்வீட்டிற்கு வந்து வாழ்வதும் இங்கு வழமை. ஆகவே மணமுறிவு நேர்ந்தால் வீட்டைவிட்டு வெளியேறுபவன் கணவன். பிள்ளை உம்மாவின் வீட்டில், உம்மம்மாவின் அரவணைப்பில் தங்கிவிடுகின்றது. வறுமையின் பொருட்டு உம்மாவும் மத்திய கிழக்கிற்குத் தொழில் தேடிச் சென்றால், பிள்ளையின் முழுப்பொறுப்பும் உம்மம்மா மீது விழுகின்றது.

அவள் சட்டத்தை நாடும்போது எதிர்ப்படுவது ஒரு வாசல் அன்று, மூன்று வாசல்கள். பிள்ளையின் தாபரிப்பைக் கோருமிடம் காதி நீதிமன்றம். அங்கு அவளுக்காகப் பேசச் சட்டத்தரணி வர முடியாது. பிள்ளையின் கட்டுக்காவல் பற்றிய பிணக்கோ மாவட்ட நீதிமன்றத்திற்குரியது. அங்கு சட்டத்தரணி வரலாம், ஆனால் கட்டணம் வேண்டும். பிள்ளை பாதுகாப்பற்ற நிலையில் உள்ளது என முறையிடப்பட்டால், 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம் குறுக்கிடுகின்றது. தனிச் சிறுவர் நீதிமன்றம் இல்லாத இடங்களில் நீதவான் நீதிமன்றமே அப்பணியை ஆற்றுகின்றது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கை அங்கு பெருமதிப்புப் பெறும். அவ்வறிக்கையை வாசித்து விளக்கவோ, அதிலுள்ள பிழையைச் சுட்டவோ குடும்பத்திற்கு அரச செலவில் ஒருவரை அமர்த்தும் கடப்பாடு அக்கட்டளைச் சட்டத்தில் இல்லை.

ஒரே பிள்ளையின் வாழ்வு இவ்வாறு மூன்றாகக் கூறுபோடப்படுகின்றது. கல்முனைக்கும் சம்மாந்துறைக்கும் அலையும் அம்முதியவளுக்கு எந்த மன்றில் எதனைக் கேட்பது என்று சொல்வாரும் இல்லை. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வறியவர்க்கு உதவுகின்றது. ஆனால் உதவி உண்டென்பதை அறிந்து தேடிச் செல்வோர்க்கே அது பயன்படும். பிள்ளை பிரிக்கப்படும் வேளையில் தானாகவே கிட்டும் உரிமையாக அது இல்லை.

சட்டத்தரணிகள் நுழைந்தால் தாமதமும் செலவும் பெருகும் என்பர். இக்கூற்றை எளிதிற் புறக்கணிக்க இயலாது. எனினும், இருதரப்பிலும் சட்டத்தரணி இல்லாமை சமத்துவம் ஆகிவிடாது. பள்ளிவாசல் நிருவாகத்தில் செல்வாக்கும், ஆண்கள் கூடும் சபையிற் பேசிய பழக்கமும் உடைய தந்தை ஒருபுறம்; எழுத்தறிவு குறைந்த முதியவள் மறுபுறம். சட்டம் வாயடைத்தது இருவரையும் அன்று, ஒருவரையே. 1978ஆம் ஆண்டு யாப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின்முன் யாவரும் சமம் என்கின்றது. 16ஆம் உறுப்புரையோ, அதற்கு முரணாயினும் முன்னைய சட்டங்கள் செல்லுபடியாகும் என்கின்றது. எனவே இக்குறை சட்டமன்றத்தினாலேயே தீரவேண்டியுள்ளது. 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018இல் தன் அறிக்கையைக் கையளித்தபோது கருத்தால் இரண்டுபட்டு நின்றமை, இப்பாதை எத்துணைக் கடினமானது என்பதைக் காட்டுகின்றது.

சீர்திருத்தம் என்றதும் மார்க்கத்திற்கு விரோதம் என அஞ்சுவோர் ஒன்றை நோக்கல் வேண்டும். நம்மவரிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மரபில், பிள்ளையை வளர்க்கும் உரிமை தாய்க்கும், அவளையடுத்துத் தாயின் தாய்க்கும் உரியது. பகுத்தறியும் பருவத்தை அடைந்த பிள்ளையிடம் அதன் விருப்பம் கேட்கப்படும். இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9ஆம், 12ஆம் உறுப்புரைகள் கோருவதும் இத்திசையிலேயே. உம்மம்மாவின் குரலும் பிள்ளையின் குரலும் மன்றில் ஒலிக்க வேண்டும் என்பது இறக்குமதிச் சரக்கன்று. நமது மரபு ஏற்ற ஒன்றை நமது நடைமுறை மறந்துள்ளது.

பிறநாட்டு அனுபவமும் பயன்தரும். இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின்படி பிள்ளையைப் பராமரிப்பில் எடுக்க உள்ளூராட்சி அதிகாரசபை மனுச் செய்யும்போது, பெற்றோரின் வருமானம் பாராது சட்ட உதவி வழங்கப்படுகின்றது. நியூயோர்க் நகரில் சட்டத்தரணி, சமூகப் பணியாளர், தாமே இத்தகைய வழக்கைக் கடந்துவந்த பெற்றோர் ஆகியோர் ஒரு குழுவாகக் குடும்பத்திற்குத் துணைநிற்கும் முறை உண்டு. 2019இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, இம்முறையால் வழக்குத் தொடங்கிய நான்காண்டுகளில் பிள்ளைகள் வளர்ப்பகங்களில் கழித்த காலம் சராசரியாக 118 நாட்கள் குறைந்தது. அவர்களது பாதுகாப்புக் குறையவில்லை.

ஆகவே, 74ஆம் பிரிவை நீக்குவதோடு பணி முடிந்துவிடாது. அவ்வாறு மட்டும் செய்தால் பணமுள்ளவனே சட்டத்தரணியோடு வருவான். பிள்ளை சம்பந்தமான மூன்று மன்றுகளிலும் கட்டணமற்ற பிரதிநிதித்துவம் உரிமையாதல் வேண்டும். நன்னடத்தை அறிக்கை விசாரணைக்கு முன்னரே தமிழில் குடும்பத்தின் கைக்குக் கிடைத்தல் வேண்டும். ஊர்ப் பெண்களிற் பயிற்சி பெற்றோர் துணையாளராக அமர அனுமதிக்கப்படல் வேண்டும். பிள்ளையை வளர்ப்பவள் மன்றின் வெளித்திண்ணையிற் காத்திருக்க, பிள்ளையின் நன்மை பற்றி உள்ளே ஏனையோர் பேசும் முறைமையை நீதி எனக் கூறுதல் பொருந்தாது.