யாருடைய வரி, யாருடைய குரல்

பொது ஒலிபரப்புக்கு வரிப்பணம் தேவையா என்கிற கேள்வி நம்மூரில் தூர்தர்ஷனின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கப்படுகிறது. ‘யாருமே பாக்காத டிவிக்கு நம்ம காச ஏன் தண்டம் அழணும்?’ கேட்பவர் பெரும்பாலும் வருமான வரி கட்டுகிற நகரவாசி. எனக்கு அந்த ‘நம்ம’தான் உறுத்துகிறது. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற மலையாளிப் பெண் (கேரளத்தவள் அல்ல, தமிழ் பேசுகிற பழங்குடி) சோப்புக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் வரி கட்டிக்கொண்டேதான் இருக்கிறாள். ஆனால் ‘வரி செலுத்துவோர்’ என்கிற சொல்லாடலுக்குள் அவளுக்கு இடம் கிடையாது. அங்கே அவள் வெறும் ‘பயனாளி’.

இன்னொன்று. ஒளிபரப்புக்குத் தமிழ்நாட்டு மக்கள் ஏற்கனவே வரிப்பணம் கொடுத்தாகிவிட்டது. 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011இல் வந்த அ.தி.மு.க. அரசு, முடங்கிக் கிடந்த அரசு கேபிளை உயிர்ப்பித்து மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. பெட்டி மக்கள் காசு, வயர் மக்கள் காசு. அதற்குள் ஓடிய பிம்பங்கள் மட்டும் தனியாருடையவை. அவற்றில் முக்கியமானவை இந்த இரு கட்சிகளின் நிழலில் வளர்ந்தவை. சந்தைக்குப் பார்வையாளர்களைப் பிடித்துக் கொடுக்க அரசு செலவழித்தால் அது நலத்திட்டம். குரலுக்குச் செலவழித்தால் தண்டம். இந்தக் கணக்கை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிரிட்டனில் உரிமக் கட்டணம் கட்டுகிறவர் பிபிசியைத் தன்னுடையதாக நினைத்துத் திட்டுகிறார். நம்மிடமும் ரேடியோ லைசென்ஸ் இருந்தது. தபாலாபீசில் கட்டி முத்திரை குத்தி வாங்கினார்கள். ஆனால் அது 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் வழி வந்தது. கருவியை வைத்துக்கொள்ள அரசு தந்த அனுமதிச் சீட்டு, அவ்வளவே. நிலையத்தின் மீது கேட்பவருக்கு அது எந்தப் பாத்தியதையும் தரவில்லை. 1980களின் நடுவில் அது எடுக்கப்பட்டபோது குடிமகன் எதையோ இழந்ததாக யாருக்கும் தோன்றாததற்குக் காரணம் இதுதான். 1952இல் அமைச்சரான கேஸ்கர் திரைப்பாடல்களை ஒதுக்கினார். ஜனங்கள் சாவதானமாகச் சிலோன் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று, நெருக்கடி நிலைக்குள்ளேயே பிறந்தது. வானொலி, தொலைக்காட்சியையும் கருத்தியல் அரசு எந்திரங்களில் சேர்த்த அல்தூசருக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைத்திருக்காது.

ஆனால் அல்தூசரோடு நிறுத்திக்கொண்டால் ‘ரேடியோ நெல்’லை விளக்க முடியாது. 1960களில் திருச்சி நிலையத்தின் பண்ணை நிகழ்ச்சிகள் வழியாகத் தஞ்சை வயல்களுக்குப் போன ஏடிடி 27 ரகத்துக்கு விவசாயிகளே வைத்த பெயர் அது. பசுமைப் புரட்சியின் மீது எனக்குப் பல விமர்சனங்கள் உண்டு. அது வேறு கதை. ஒரு நிலையம் தன் மண்ணின் பேச்சில், தன் மண்ணின் ஆட்களோடு பேசியபோது அரசு எந்திரத்துக்குள்ளும் ஒரு இடைவெளி திறந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

ஏற்காட்டுக்கு அப்படி என்ன கிடைத்தது? திரையில் வருகிற ஏற்காடு கோடை விழா, மலர்க் கண்காட்சி, படகுத்துறை. ‘ஏழைகளின் ஊட்டி’ என்கிறார்கள். அந்த ஏழை சுற்றுலாப் பயணிதான். மலையில் இருக்கிற ஏழையை அந்தச் சொல் பார்ப்பதேயில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதை சரிந்தபோது, நான் பார்த்த தனியார் சேனல்களில் பெரிய கவலை சுற்றுலா வண்டிகள் மேலே போகலாமா என்பதாகவே இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால் இருக்கிற மலைக்கிராமங்களின் ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாம் விளம்பரதாரருக்கு எதற்கு?

எதிர்வாதத்தில் பலம் இல்லாமல் இல்லை. பணம் கொடுப்பவன் ராகம் கேட்பான். 1978இல் வர்கீஸ் குழு சுயேச்சையான அறக்கட்டளை ஒன்றைக் கேட்டது. 1990இல் பிரசார் பாரதி சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வர 1997 ஆயிற்று. அலைவரிசை பொதுச்சொத்து என்று இடையில் 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. என்ன பிரயோசனம்? 2014இல் ஆர்.எஸ்.எஸ். தலைவரின் விஜயதசமி உரை தூர்தர்ஷனில் நேரலை. 2017இல் திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்காரின் சுதந்திர தின உரையை மாற்றச் சொன்னார்கள். 2024 தேர்தல் நேரத்தில் டிடி நியூஸ் சின்னம் காவி. ஆக, வரி வேண்டாம் என்பவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் நோய் பணத்தில் இல்லை, பணம் வருகிற வாசலில் இருக்கிறது. ஊழியர் சம்பளமே அமைச்சகத்தின் மானியத்தில் வரும்போது சட்டப் புத்தகத்துச் சுயாட்சியை வைத்து என்ன செய்ய?

2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒலிபரப்புக் கட்டமைப்புக்கு 2,539.61 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் பழங்குடிப் பகுதிகளுக்கும் தொலைதூரப் பகுதிகளுக்கும் எட்டு லட்சத்துக்கு மேல் இலவச டிடி ஃப்ரீ டிஷ் பெட்டிகள் உண்டு. மறுபடியும் பெட்டி! அந்தத் தட்டில் தனியார் சேனல்களுக்கு இடம் ஏலம் விடப்படுகிறது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

என் நிலைப்பாடு இதுதான்: வரிப்பணம் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் அமைச்சகத்தின் கையை எதிர்பார்க்காமல், சில ஆண்டுகளுக்குச் சேர்த்துச் சட்டப்படி ஒதுக்கப்பட்ட பங்காக. அதில் ஒரு பகுதி டெல்லியைத் தொடாமல் தருமபுரி மாதிரியான நிலையங்களுக்கும் சமுதாய வானொலிகளுக்கும் நேரே போக வேண்டும். சமுதாய வானொலிகளுக்கு 2006இல் வாசல் அகலத் திறந்தார்கள், ஆனால் செய்தி சொல்லக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள், அகில இந்திய வானொலிச் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம் என்பது பிறகு வந்த சலுகை. மலைப்பாதை அடைபட்டால் சொல்லலாம், வானிலை சொல்லலாம். அந்தப் பாதைக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று ஒரு மலையாளிப் பெண் மைக்கில் கேட்டால் அது செய்தியாகிவிடும்.