கிழ முகமும் இளங்காலும்

பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயியை இயாசிந்த் ரிகோ 1701இல் வரைந்தபோது மன்னருக்கு வயது 63. லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்த எண்ணெய் வண்ண ஓவியத்தின் உயரம் 277 சென்டிமீட்டர். எவரும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். வரையச் சொன்னதும் அதற்காகத்தான்.

முதலில் கண்ணை இழுப்பது துணி. நீல வெல்வெட் நெடுகப் பொன் லில்லிப் பூக்கள். உட்புறம் கரும்புள்ளியிட்ட வெண்ரோமம். வெல்வெட் வெளிச்சத்தை விழுங்குகிறது, ரோமம் அதைத் திருப்பித் தருகிறது. இந்த வித்தையில் ரிகோவை மிஞ்ச ஆளில்லை. செங்கோலைத் தலைகீழாகக் கைத்தடிபோல் ஊன்றியிருப்பதில் ஓர் அலட்சியம் தெரிகிறது. அதிகாரத்தைச் சொல்ல அதைவிட நல்ல வழி கிடையாது.

சிக்கல் கால்களில் இருக்கிறது. அங்கி விலகிய இடத்தில், வெண்பட்டுக் காலுறையும் சிவப்புக் குதிகால் காலணியுமாக, நடனத்துக்குத் தயாரானவைபோல் இரண்டு இளங்கால்கள். 1653இல், 14 வயதில், சூரியனாக வேடமிட்டு பாலே ஆடியவர்தான் லூயி. ஆனால் 1701இல் கீல்வாதக்காரர். முகமோ பொய் பேசவில்லை: தொங்கும் கன்னம், பல் போனதால் உள்வாங்கிய வாய். முகத்தைத் தனித் துணியில் வரைந்து, பிறகு பெரிய திரையில் பொருத்தியிருக்கிறார் ரிகோ. பொருந்தவில்லை என்று குறை சொல்லலாம். எனக்கு அந்தப் பொருந்தாமைதான் இதன் உயிர். அப்போதுதான் ஸ்பெயினின் அரியணை ஏறியிருந்த பேரன் ஐந்தாம் பிலிப்புக்காக வரைந்த படம் இது. மன்னருக்குப் பிடித்துப்போய்த் தாமே வைத்துக்கொண்டு, ஒரு நகலுக்கு உத்தரவிட்டார். தம் முதுமையைப் பார்த்து அவர் முகம் சுளிக்கவில்லை என்றுதானே பொருள்?

ஆங்கில எழுத்தாளர் தாக்கரே 1840இல் இதைக் கிண்டல் செய்து வரைந்தார்: வெறும் உடை, வெறும் கிழவர், இரண்டும் சேர்ந்தால் மன்னர். சிரிப்பு வருகிறது, ஆனால் ரிகோவின் மேல் வைத்தால் பாதிதான் உண்மை. அந்த முகத்தைத் தாக்கரே கவனிக்கவில்லை.

கிண்டல் முழுதாகப் பொருந்துவது பின்னால் வந்தவர்களுக்கு. அதே அங்கி, அதே நிலை என்று இந்த ஓவியம் அரண்மனை அச்சாகிவிட்டது. ஓவியர் கலே வரைந்த 16ஆம் லூயியைப் பாருங்கள். உடை குறைவில்லாமல் இருக்கிறது. முகத்தில் வயதும் இல்லை, கவலையும் இல்லை, ஆளும் இல்லை. ரிகோவின் துணியைக் கற்றுக்கொண்டவர்கள் அவருடைய துணிச்சலை விட்டுவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டு அரச உருவப்படங்களில் பெரும்பாலானவை சலிப்பூட்டுவதற்குக் காரணம் இதுவே.