இயந்திரத்தின் முன் நிற்கும் நடிகன்

மஹய்யாவ ஊடாக மாத்தளைக்குச் செல்லும் டீசல் புகையிரதத்தின் ஓசையை நித்தமும் கேட்டு வாழும் நம்மில் பலருக்கு, அந்த இயந்திரத்துக்குத் தம் பெயரையே தந்த ருடோல்ஃப் டீசலின் சரிதத்தை ஜெர்மானியர் யுத்தத்தின் மத்தியில், 1942ஆம் ஆண்டிலே, கெர்ஹார்ட் லாம்பிரெக்டின் இயக்கத்தில், வில்லி பிர்கெலை நாயகனாக்கித் திரைப்படமாக எடுத்தார்கள் என்பது புதிய செய்தியாக இருக்கலாம். ராபர்ட் கோக், ஷில்லர், பாராசெல்சஸ் என்று மேதைகளை வரிசையாகத் திரையேற்றிய அந்த நாஜி அரசு, தனிமனிதனின் பிரயாசையைத் தன் மகிமைக்குச் சாட்சியாக்கவே விரும்பிற்று.

நம்மவரிடையே இவ்வகைக்கு அருகில் நிற்பது, மாதவன் தாமே இயக்கி நடித்து 2022 ஜூலையில் வெளியிட்ட 'ராக்கெட்ரி'. இங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பது அரசாங்கமே. நாகர்கோயிலில் பிறந்த ராக்கெட் விஞ்ஞானியும் இப்படத்தின் கதாநாயகருமான நம்பி நாராயணன் 1994இல் வேவுக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானதும், அக்கைது அவசியமற்றதென்று 2018இல் உச்ச நீதிமன்றம் கூறி ஐம்பது லட்சம் ரூபாய் நஷ்டஈடு விதித்ததும் யாவரும் அறிந்தவை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் காட்சிகளில், 'அலைபாயுதே' காலத்துக் குறும்பு மாதவனின் கண்களில் சற்று மிகையாகவே எட்டிப்பார்க்கிறது. விஞ்ஞான விளக்கங்கள் வரும்போது வசனம் பாடபுத்தகமாகிவிடுகிறது. ஆயினும், விகாஸ் ராக்கெட் எஞ்சினுக்கான பணி தடைப்படலாகாதென்று, சக ஊழியர் உன்னியின் குழந்தை மரித்த செய்தியை நம்பி மறைத்துவிடுவதும், உண்மை தெரிந்த உன்னி சீறி எழுகையில் பதிலின்றி நிற்பதுமான அக்காட்சியில், லட்சியத்தின் கொடுமையையும் அதைச் செய்தவனின் வேதனையையும் ஒரே முகத்தில் அவர் தாங்குகிறாரே, அதுவே இந்தப் படத்தின் சிகரம் என்பேன். சித்திரவதைக் காட்சிகள் அதற்கு அடுத்தபடிதான். இறுதியில், பேட்டி காணும் சூர்யாவின் எதிரே தாம் அமர்ந்திருந்த ஆசனத்தை உண்மையான நம்பி நாராயணனுக்கே விட்டு விலகியது, தேர்ந்த நடிகர் மட்டுமே துணியக்கூடிய தியாகம்.

'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்திலும் மாதவனின் மனைவியாக வந்த சிம்ரன், இங்கே மீனாவாக, ஊராரின் ஏச்சினால் சித்தம் கலங்கும் குடும்பத்தலைவியை, உரக்க அழாமல், பார்வை எதிலும் நிலைகொள்ளாத தன்மையினாலேயே உணர்த்திவிடுகிறார். விஞ்ஞானிக்கு நேர்ந்த அநீதியின் முழு அளவும் நமக்குப் புலப்படுவது அவரிடத்திலேதான். 69ஆவது தேசிய விருதுகளில் சிறந்த படமாக இது தேர்ந்தபோதும், நடிப்புக்குரிய பரிசு இவ்விருவருக்கும் கிட்டவில்லை; மாதவனுக்கு இல்லாவிடினும், சிம்ரனுக்கு அது கிட்டியிருக்க வேண்டும்.