கிட் ஏ: விமர்சன வரவேற்பும் மறுமதிப்பீடும்

'கிட் ஏ' இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரைச் சேர்ந்த மாற்று ராக் இசைக்குழுவான ரேடியோஹெட்டின் நான்காவது ஆல்பம். 2000 அக்டோபர் 2 அன்று பிரிட்டனிலும், அதற்கு அடுத்த நாள் அமெரிக்காவிலும் வெளியானது. 1997-இல் வெளிவந்து பெரும் பாராட்டைப் பெற்ற 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்தின் தொடர்ச்சியாக இது எதிர்பார்க்கப்பட்டது. வெளியானபோது விமர்சகர்களைப் பிளவுபடுத்திய இந்த ஆல்பம், பத்தாண்டுகளுக்குள் அந்தக் காலகட்டத்தின் முதன்மையான ஆல்பங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது.

பின்னணி

'ஓகே கம்ப்யூட்டர்' வெற்றிக்குப் பின் நீண்ட இசைப் பயணம் மேற்கொண்ட குழுவின் பாடகர் தாம் யார்க், மனச்சோர்வுக்கு ஆளானார். புதிய பாடல்களை எழுத முடியாமல் தவித்தார். அதே காலத்தில் ரேடியோஹெட்டின் பாணியைப் பின்பற்றும் கிட்டார் குழுக்கள் பிரிட்டனில் பெருகியிருந்தன. தங்கள் பழைய இசையையே திரும்பச் செய்வதில் யார்க்குக்கு ஆர்வம் இருக்கவில்லை. 1999 ஜனவரியில் பாரிஸில் தொடங்கிய ஒலிப்பதிவு கோபன்ஹேகன், குளோஸ்டர்ஷயர், ஆக்ஸ்போர்டு என நீண்டது. முந்தைய ஆல்பத்தில் பணியாற்றிய நைஜல் காட்ரிச்சே இதன் தயாரிப்பிலும் பங்கேற்றார். யார்க் சொற்றொடர்களைத் துண்டுத் தாள்களில் எழுதி, குலுக்கி எடுத்துப் பாடல் வரிகளாக்கினார்.

இசை

அஃபெக்ஸ் ட்வின் போன்ற மின்னணு இசைக் கலைஞர்களின் தாக்கமும் ஜாஸ் இசையின் தாக்கமும் ஆல்பத்தில் வெளிப்படையாகத் தெரிகின்றன. முதல் பாடலான 'எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ்' கிட்டார் இல்லாமல் சிந்தசைசரில் தொடங்குகிறது. யார்க்கின் குரல் அதில் வெட்டி ஒட்டப்பட்டு இன்னொரு இசைக்கருவியைப் போல ஒலிக்கிறது. 'தி நேஷனல் ஆந்தம்' பாடலில் பித்தளைக் காற்றுக்கருவிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. 'இடியோடெக்', அமெரிக்க இசையமைப்பாளர் பால் லான்ஸ்கி 1973-இல் கணினியில் உருவாக்கிய ஓர் ஆக்கத்தின் சிறு பகுதியை அடித்தளமாகக் கொண்டது. 1928-இல் பிரான்சில் அறிமுகமான ஓண்ட் மார்ட்டினோ என்ற மின்னிசைக் கருவியை ஜானி கிரீன்வுட் பல இடங்களில் வாசித்துள்ளார்.

வெளியீடு

இந்த ஆல்பத்திலிருந்து தனிப்பாடல் எதுவும் விற்பனைக்கு வெளியிடப்படவில்லை. வழக்கமான இசைக் காணொளிகளுக்குப் பதிலாகச் சில விநாடிகளே ஓடும் அசைவூட்டத் துணுக்குகள் இணையத்தில் பரப்பப்பட்டன. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே பிரதிகள் வழங்கப்படவில்லை. கட்டுப்பாடான நிகழ்வுகளில் அவர்கள் அதைக் கேட்டனர். வெளியீட்டுக்கு முன்பே பாடல்கள் நாப்ஸ்டரில் கசிந்தன. ஆயினும் ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் 'ஓகே கம்ப்யூட்டர்' 21-ஆவது இடத்தையே எட்டியிருந்தது.

முதல் விமர்சனங்கள்

பிரிட்டனின் மெலடி மேக்கர் இதழில் மார்க் போமான்ட் ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண் மட்டுமே வழங்கினார். குழு தன்னில் தானே மூழ்கிவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. நியூயார்க்கர் இதழில் எழுதிய நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி, இந்த ஆல்பம் கோரும் பொறுமையும் நேரமும் பதின்பருவத்தினருக்கே வாய்க்கும், வேலைக்கும் குடும்பத்துக்கும் நேரத்தைக் கொடுத்துவிட்ட பெரியவர்களுக்கு அல்ல என்ற பொருளில் வாதிட்டார். இதற்கு நேர் எதிராக, பிட்ச்ஃபோர்க் இணைய இதழ் பத்துக்குப் பத்து மதிப்பெண் வழங்கியது. 2001-இல் சிறந்த மாற்று இசை ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது.

மறுமதிப்பீடு

2009-இல் ரோலிங் ஸ்டோன், பிட்ச்ஃபோர்க், தி டைம்ஸ் ஆகிய மூன்றும் 'கிட் ஏ'-ஐ அந்தப் பத்தாண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தன. எல்லாக் காலத்துக்குமான 500 ஆல்பங்களைக் கொண்ட ரோலிங் ஸ்டோன் பட்டியலில் 2003-இல் 428-ஆவது இடத்தில் இருந்த இது, 2012-இல் 67-க்கும், 2020-இல் 20-க்கும் உயர்ந்தது. அந்த இசைத்தட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. மாறியது கேட்பவர்களின் பழக்கமே. ராக் இசையில் மின்னணு ஒலிகள் இயல்பாகிவிட்ட பிறகு, 2000-இல் முரட்டுத்தனமாகத் தோன்றியவை முரட்டுத்தனமாகத் தோன்றவில்லை. ஆயினும் போமான்ட் பத்தாண்டுகளுக்குப் பிறகும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மதிப்பீடு

முதல் விமர்சனங்களின் முதன்மையான குறை, பெரும்பாலும் அவை 'ஓகே கம்ப்யூட்டர்' என்ற அளவுகோலைக் கொண்டே இந்த ஆல்பத்தை அளந்தன என்பது. கிட்டார் கைவிடப்பட்டது என்ற பேச்சு பாதி உண்மையே. 'ஆப்டிமிஸ்டிக்' முழுக்கவே கிட்டார் பாடல். சொற்களற்ற 'ட்ரீஃபிங்கர்ஸ்' கூட கிட்டார் ஒலியை உருமாற்றிச் செய்யப்பட்டதுதான். மெட்டு இல்லை என்ற குறையையும் 'ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி' மறுக்கிறது. அதில் யார்க்கின் குரல் எந்தத் திரையும் இல்லாமல் ஒலிக்கிறது. ஆல்பத்தின் தலைப்புப் பாடலில் அதே குரல் அடையாளம் தெரியாதபடி சிதைக்கப்பட்டுள்ளது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் குரலை மறைப்பதும் வெளிப்படுத்துவதும் ஆல்பத்தின் திட்டமிட்ட இயக்கம் என்பது விளங்கும். ஓரிரு முறை கேட்டு எழுதும் விமர்சனத்தில் இது எளிதில் தவறிவிடும்.

அதற்காக எதிர்த்தவர்கள் அனைவரும் செவிடர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஹார்ன்பியின் கேள்வி இன்றும் உயிருடன் இருக்கிறது. ஒரு கலைஞன் ரசிகனிடம் எவ்வளவு நேரத்தைக் கேட்கலாம் என்பதே அது. 'ட்ரீஃபிங்கர்ஸ்' போன்ற பகுதிகள் கேட்கும் பொறுமைக்கு ஈடாகத் தருவது குறைவே. இன்றைய பட்டியல்கள் ஆல்பத்தைப் புகழும்போது அந்தப் பகுதிகளையும் சேர்த்தே புகழ்கின்றன. அன்றைய அவசர நிராகரிப்பைப் போலவே, இன்று கேட்காமலே ஒப்புக்கொள்ளும் பாராட்டும் 'கிட் ஏ'-ஐ முழுமையாகக் கேட்க உதவாது.