மூலமும் படியும்

ஓவியன் ஒருவன் தன் கைப்பட வரைந்த படம் உலகில் ஒன்றேயாகும். அதனை விற்றபின் அஃது அவனிடத்து இல்லை. அச்சுப்படியின் இயல்பு அவ்வாறன்று; ஒன்றை விற்ற பின்னரும் நூறு விற்கலாம். இவ்விரு வகையான பண்டங்களையும் ஒரே அங்காடியில் அருகருகே வைத்து இணையவழி விற்கும் வழக்கம் இந்நூற்றாண்டிற் பெருகியுள்ளது. 2005ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலே தோன்றிய எட்சி, 2006ஆம் ஆண்டில் மெல்பேணிலே தோன்றிய றெட்பபிள் என்பன இவ்வழக்கத்தைப் பரப்பிய அங்காடிகளுட் குறிப்பிடத்தக்கன. இவற்றாற் கலை வளர்ந்ததா, தளர்ந்ததா என வினவுவோர் பலர். அவ்வினாவுக்கு விடை காணுமுன், படி என்பது யாது, அது மூலத்தோடு எவ்வகை உறவுடையது என்பதனைத் தெளிதல் வேண்டும்.

படியெடுத்து விற்றல் புதுவதன்று. ஜேர்மனிய ஓவியர் அல்பிரெக்ற் டூரர் 1498ஆம் ஆண்டிலேயே தம் மரச்செதுக்குப் படங்களைத் தொகுதியாக வெளியிட்டார். அவற்றை அவர்தம் தாயும் மனைவியும் சந்தைகளில் விற்றனர். விற்பனை பெருகவே போலியும் பெருகிற்று. மார்க்கன்ரோனியோ என்னும் இத்தாலியச் செதுக்கோவியர் டூரரின் படங்களை அவர்தம் பெயர்க்குறியோடு படியெடுத்து விற்றனர் என்றும், டூரர் வெனிசு நகர் ஆட்சியாளரிடம் முறையிட்டபோது அப்பெயர்க்குறியை இடலாகாது என்ற தீர்ப்பொன்றே கிடைத்தது என்றும் வசாரி கூறுவர். படத்தைப் படியெடுத்தல் குற்றமாகக் கொள்ளப்படவில்லை. பிறன் கையைத் தன் கையென நம்பச் செய்தலே குற்றமாகக் கொள்ளப்பட்டது. இவ்வேறுபாடு ஆழ்ந்து நோக்கற்பாலது.

யப்பானிய மரபு இதனை மேலும் விளக்கும். ஹொக்குசாய் வரைந்த பேரலைப் படம் ஏறத்தாழ 1831ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. அங்கே ஓவியன் வரைந்த தாள் மரப்பலகையின்மேல் ஒட்டப்படும்; செதுக்குவோன் அத்தாளோடு சேர்த்தே பலகையைச் செதுக்குவான். ஆகவே படி பிறக்கும்போது வரைதாள் அழிந்துவிடுகின்றது. பின்னர் அச்சிடுவோன் வண்ணத்துக்கு வண்ணம் பலகை மாற்றித் தாளில் ஒற்றுவான். இங்கே மூலம் எது? படிகளுக்குப் பின்னே ஒளிந்திருக்கும் வேறொரு மூலம் இல்லை. ஒவ்வொரு படியும் மூலமே. எளியோரும் வாங்கத்தக்க விலைக்கு அன்று விற்ற அப்படத்தின் படியொன்று 2023ஆம் ஆண்டில் நியூயோர்க் ஏலத்தில் 27 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. பலவாய் இருத்தல் மட்டும் ஒரு படத்தைத் தாழ்த்திவிடாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, நம்மவர்க்கு அணித்தாய எடுத்துக்காட்டுக்கு வருவோம். கிளிமானூரிற் பிறந்த இரவிவர்மர் (1848–1906) வரைந்த எண்ணெய் வண்ண ஓவியங்கள் பரோடா, மைசூர் முதலிய அரண்மனைகளை அணிசெய்தன. அரண்மனை வாயிலைக் கடத்தற்கியலாத மக்களுக்கும் அவை எட்டல் வேண்டும் என்னும் நோக்கோடு 1894ஆம் ஆண்டில் பம்பாயிலே அச்சுக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு கல் கொண்டு அச்சிடும் முறையால் அங்கே அச்சிடப்பட்ட இலக்குமி, சரசுவதி படங்கள் எண்ணிறந்த இல்லங்களின் பூசையறைகளிற் குடிபுகுந்தன.

இப்படங்களைக் கடுமையாகச் சாடியவருள் முதன்மையானவர் கொழும்பிற் பிறந்த கலைப்புலவர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947). புராணக் காட்சிகள் இவற்றில் நாடக மேடைக் காட்சிகளாகத் தாழ்ந்தன என்பதும், இந்திய உணர்வு இவற்றில் இல்லை என்பதும் அவர் கூறிய குறைகள். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் ஒன்று கூறல் வேண்டும். படி என்பதனால் அவர் படியை வெறுத்தாரல்லர். தமது ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலை, வில்லியம் மொரிஸ் முன்னர்ப் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலே தம் மேற்பார்வையில் அச்சிட்டு, 1908ஆம் ஆண்டில் 425 படிகளாக வெளியிட்டவர் அவரே. அச்சும் கைத்திறனுடைய கலையாகலாம் என்பதனை அவர் செயலாற் காட்டினார்.

எனவே பம்பாய்ப் படங்களின் குறை யாண்டையது? அவை அச்சாயிருந்தமையன்று; அச்சாயிருந்தும் எண்ணெய் வண்ண ஓவியம்போலத் தோன்ற முயன்றமையே குறை. மேலே மெருகெண்ணெய் பூசியும், துணியின் இழைபோலத் தாளிலே அழுத்தம் பதித்தும் அவை தம் இயல்பை மறைத்தன. ஹொக்குசாயின் படி மரத்தின் வரியையும் தாளின் தன்மையையும் மறையாது காட்டி நிற்கின்றது. ஒன்று தன்னியல்பில் நிற்பது; மற்றது வேடம் புனைந்தது. ஆயினும் அவ்வேடமணிந்த படங்களே ஏழையின் சுவரிலும் ஓவியம் தொங்கச் செய்தன என்பதனை மறுத்தல் நன்றி மறத்தலாகும்.

இவ்வளவையை இற்றைநாள் அங்காடிக்குப் பொருத்திப் பார்த்தல் தகும். மைத்துளிகளைத் தாளிலே தெளிக்கும் பொறியால் ஆய நுண்படிக்கு 1991ஆம் ஆண்டில் ‘சிக்ளே’ என்னும் பிரெஞ்சுப் பெயர் சூட்டப்பட்டது. பெயரின் பெருமை பொருளின் விலையை உயர்த்திற்று. இப்படிகள் பலவற்றின் ஓரத்தில் 50இல் 3 என்றாற் போன்ற எண் இடப்படுகின்றது. செப்புத் தகட்டில் ஊசியாற் கீறிய படத்துக்கு இவ்வெண் பொருளுடையது. சில பத்துப் படிகள் எடுத்தவுடன் கீறலின் விளிம்பு தேய்ந்து படம் மங்கும். ஆங்கு வரம்பிட்டது செம்பு. கணினியில் உள்ள படமோ ஆயிரம் படியெடுத்தாலும் தேயாது. ஈண்டு வரம்பிடுவது ஓவியனின் சொல் ஒன்றே. அச்சொல் தவறின் எண் வெறும் அலங்காரமாய் முடியும்.

அங்காடியின் தன்மையும் இச்சொல்லின் சுமையைக் கூட்டுகின்றது. வாங்குவோன் படத்தைத் தொட்டுப் பார்த்தற்கில்லை. விரலளவுத் திரைப்படிமத்தையே காண்கின்றான். தூரிகையின் தடிப்பும் பரப்பின் அளவும் அதிற் புலனாகா. தொலைவிற் பளிச்செனத் தோன்றும் படம் முந்துகின்றது. நெருங்கி நோக்கின் நிறைவு தரும் படம் பிந்துகின்றது. 1993ஆம் ஆண்டில் கொழும்பிலே தொடங்கிய கலாபொல என்னும் திறந்தவெளிச் சந்தையில் ஓவியனும் வாங்குவோனும் படத்தின்முன் எதிரெதிர் நின்று பேசலாம். இணையவழி அவ்வாய்ப்பு அரிது. அன்றியும் அங்காடிக்குரிய பங்கும் உண்டு. எட்சி 2022ஆம் ஆண்டில் விற்பனைக் கட்டணத்தை நூற்றுக்கு 5இலிருந்து 6.5 ஆக உயர்த்தியபோது விற்போர் பலர் சில நாள் கடையடைப்புச் செய்தனர். அதே ஆண்டளவிற் சொல்லைக் கொடுத்தாற் படத்தைத் தரும் கணினிப் பொறிகளும் பரவின. கைவினைக்கென எழுந்த அவ்வங்காடி, 2024ஆம் ஆண்டில் விற்போன் ஆக்கியது, வடிவமைத்தது, தேர்ந்தெடுத்தது, பெற்றுத்தந்தது எனப் பண்டங்களை வகுத்துக் குறிக்கலாயிற்று. இவ்வகுப்பு வேண்டியதாயிற்று என்பதே நம்பிக்கை தளர்ந்தமைக்குச் சான்று.

இவ்விடத்து மற்றொன்றும் தெளிதல் நலம். மூலப்படத்தை வாங்குவோன் அதனைப் படியெடுத்து விற்கும் உரிமையை வாங்கினானல்லன். அவ்வுரிமை, எழுத்தாற் பிறர்க்கு மாற்றப்பட்டாலன்றி, ஓவியனிடமே தங்கும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோனின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும் அவனுடைய பொருளாதார உரிமையைக் காக்கின்றது. இதனை அறியாத ஓவியர் தம் உழைப்பின் பயனை எளிதில் இழப்பர்.

ஆகவே, இணைய அங்காடி கலையைக் கெடுக்கும் என்பதும், அதுவே கலைஞனை உய்விக்கும் என்பதும் ஒருசார்க் கூற்றுக்களாம். ஊரிலே வாங்குவோர் சிலரேயுள்ள ஓவியனுக்குத் தொலைநாட்டுச் சுவரும் இடந்தருதல் சிறு நன்மையன்று. அந்நன்மை நிலைக்க வேண்டுமாயின், எவ்வகைத் தாள், எவ்வகை மை, எத்தனை படி, எவன் கை என்னும் நான்கும் படத்தோடு மெய்யாகக் கூறப்படல் வேண்டும். டூரர் வெனிசில் வேண்டி நின்றதும் இதனின் வேறன்று. படியைப் படியென்றே கூறி விற்பவனிடத்துப் படியும் மதிப்புப் பெறும். படியை மூலமென்று கூறி விற்பவனிடத்து மூலமும் மதிப்பிழக்கும்.