துண்டில் நின்ற துளி

குளித்துவிட்டு வந்த அத்தை ஈரிழைத் துண்டைத் தூக்கிக் காட்டினார்: "ஏட்டி, மணமா இருக்கு, மெத்துன்னும் இருக்கு. ஆனா தண்ணிய இழுக்கவே மாட்டேங்கு." விரித்துப் போட்டு ஒரு சொட்டு விட்டேன். சேம்பிலையில் நிற்பதுபோல் உருண்டு நின்றது. 40 எண்ணியும் இறங்கவில்லை.

துவைக்கும்போது ஊற்றும் துணி கண்டிஷனர் தரும் மென்மை, நூலின்மேல் படியும் மெழுகு போன்ற பூச்சுதான். தண்ணீரில் பருத்தி எதிர்மின்னூட்டம் கொள்ளும். கண்டிஷனர் மூலக்கூறு நேர்மின்னூட்டம் உடையது. அது நூலைப் பற்றிக்கொள்ள, துவைக்கத் துவைக்கப் பூச்சு தடிக்கும்.

அதை எடுக்க எங்கள் 7 கிலோ ஃப்ரண்ட் லோட் மெஷினை மூன்று வாரம் சோதித்தேன். 'எக்ஸ்ட்ரா ரின்ஸ்' போட்டதில் 20 நிமிடம் கூடியது, துளி அசையவில்லை. ஒட்டியதை வெறும் பச்சைத் தண்ணீர் பெயர்க்காது. வினிகர், போர் தண்ணீர் விட்டுப்போன உப்பின் மொரமொரப்பைக் குறைத்தது, அவ்வளவே.

வேலை செய்தது 'காட்டன் 60 டிகிரி'. கண்டிஷனரை நிறுத்திவிட்டு, பவுடரோடு இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா சேர்த்தேன். இரண்டாம் முறை ஓடியதும் மூன்று எண்ணுவதற்குள் துளி உள்ளே போய்விட்டது. இன்றைய கண்டிஷனர்கள் பலவும் காரத்திலும் சூட்டிலும் உடைபவை. உவர்மண்ணில் முக்கி வெள்ளாவி வைத்த சலவைத் தொழிலாளர்களின் கைப்பக்குவமும் காரமும் ஆவியும்தானே! இந்த மெஷினில் நான் மனமார மெச்சுவது ஹீட்டரை. ஒரு தடவைக்கு ஏறக்குறைய 1 யூனிட் மின்சாரம் ஆகும். அழுக்கை அல்ல, படலத்தை எடுக்க என்றால் தகும். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது.

டிராயர்தான் சொதப்பல். கண்டிஷனர் ஊற்றும், பூப்படம் போட்ட அறையின் மூடியை நெம்பி எடுத்தேன். அடியில் நீலக் கூழ், ஓரத்தில் கறுத்த பூசணம். 'மேக்ஸ்' கோட்டைத் தாண்டி ஊற்றினால் சைஃபன் முன்னதாகவே இழுத்துவிடும். பவுடர் தண்ணீரில் கண்டிஷனர் கலந்து திரிந்து, துணியில் சாம்பல் திட்டாக ஒட்டும். மூடியைக் கழற்றிக் கழுவச் சொல்லி எங்கள் கையேட்டில் ஒரு வரி இல்லை, இருந்திருக்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் போரும் உண்டு, ஆற்றுத் தண்ணீரும் வரும். உப்பான போர் தண்ணீரில் பாதி சோடா அதன் கடினத்தைப் போக்கவே செலவாகிவிடுகிறது. பொதிகையிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில்தான் துண்டுகளுக்கு முறை.

பூப்பட அறையைக் கழுவித் துடைத்துக் காலியாக விட்டாயிற்று. அத்தைக்கு மணம் மட்டும் குறை. துணி அலமாரியில் வெட்டிவேர் ஒரு கட்டு வைத்திருக்கிறேன்.