எந்தக் கண்ணு, ஆயா?

நெட்டப்பாக்கத்துப் பெரியவர்களுக்குக் கண்புரை என்றால் தவளக்குப்பம். 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் புதுச்சேரிக் கிளை அங்கேதான் இருக்கிறது. காலையில் போய், லென்ஸ் வைத்துக்கொண்டு, பலர் அன்றே வீடு திரும்பிவிடுகிறார்கள். மருத்துவரின் கைவேலை சில நிமிடம். மிச்சமெல்லாம் செவிலியர் கையில்.

நான் ரசிப்பது அவர்கள் கேள்வி கேட்கும் விதத்தை. "உங்க பேரு லட்சுமியா?" என்று கேட்டால், காது மந்தமானவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். அதனால் "பேரு சொல்லுங்க ஆயா, எந்தக் கண்ணு?" என்று நோயாளி வாயாலேயே வரவழைப்பார்கள். சொட்டு மருந்து விடும்போது ஒரு தரம், மேசையில் படுத்ததும் இன்னொரு தரம். "எத்தினி வாட்டிடி கேப்ப?" என்று ஆயா சீறினாலும் அந்தப் பெண்ணுக்குக் கோபம் வராது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலும் கத்தி வைக்கும் முன் ஆளையும் இடத்தையும் உறுதிசெய்யச் சொல்கிறது. பட்டியலை அச்சடிப்பது சுலபம். சீறலுக்குச் சிரிப்பது தனித் திறமை.

அனுப்பும்போது சொல்வது அதைவிட முக்கியம். கண்ணைக் கசக்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, சொட்டு மருந்தை வாராவாரம் குறைக்க வேண்டும், வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ உடனே வர வேண்டும். (பக்கத்து வீட்டு விளக்கெண்ணெய் வைத்தியம் தனியாகத் தடைசெய்யப்படும்.) இரவில் பார்த்துக்கொள்ள வீட்டில் செவிலியர் கிடையாது. துணைக்குப் போகிறவர்கள் அந்த ஐந்து நிமிடம் செல்போனைப் பையில் போட்டுவிட்டுக் கேளுங்கள்.